வாய்க்காலுக்கு அப்பால் செந்தண்டுகள்

இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை கரிய மண்ணுக்குள் இருந்தன. மண்வெட்டி வெட்டிக் கொடுத்த வட்டத்துக்குள் விரல்கள் நுழைந்து, வேர் எங்கே முடிகிறது என்று தேடின. நுனி அகப்பட்டதும் அதை நெரிக்காமல் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, செடியை ஒருமுறை பக்கவாட்டில் அசைத்து, மெல்ல மேலே தூக்கின. ஒட்டியிருந்த மண்ணை உதறவில்லை. ஈரக் கோணியை வேரைச் சுற்றி இழுத்து, வைக்கோல் புரியால் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சு தண்டின் மேல் படாதபடி கீழே தள்ளிப் போட்டன. பிறகு அடுத்த செடி. கையுறை கிடையாது. கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு வேர் தெரியாது.

அறுபத்தெட்டாவது செடியைக் கட்டும்போது அந்த விரல்கள் நின்றன. கன்னத்தில் பட்ட காற்று மாறியிருந்தது. காலையிலிருந்து தென்மேற்கிலிருந்து ஈரமாக வீசிக்கொண்டிருந்த காற்று, இப்போது கிழக்கிலிருந்து காய்ந்து வந்தது. ஜனவரி மாதத்தில் கிழக்குக் காற்று என்றால் அதற்குப் பின்னால் என்ன வரும் என்று இந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

நேல்த்யா நிமிர்ந்து வாய்க்காலைப் பார்த்தாள். தண்ணீர் அசைந்துகொண்டுதான் இருந்தது. கரையில் கட்டிய படகைப் பார்த்தாள். அது முப்பது செடி கொள்ளும். இன்னும் தோண்டாத இருபத்திரண்டைப் பார்த்தாள். புத்தியுள்ளவர்கள் மண்வெட்டியை அங்கேயே நட்டுவிட்டு, முப்பது செடியைப் படகில் ஏற்றிக்கொண்டு வீடு போயிருப்பார்கள். அவள் குனிந்து அறுபத்தொன்பதாவது செடியைச் சுற்றி வெட்டத் தொடங்கினாள், முன்னைவிட வேகமாக.

பொஸ்கோப் என்ற அந்த ஊரில் நிலம் என்பது நீளநீளமான திட்டுகள்தான். திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே வாய்க்கால். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் திட்டுக்கு நடந்து போகலாம். அதற்கு அப்பால் இருப்பதற்கெல்லாம் படகு. செடி வளர்த்து விற்பதே ஊரின் பிழைப்பு. ஆகவே ஊரின் சட்டங்களும் படகையும் வேரையும் பற்றியவைதான். அதில் முதல் சட்டம்: படகு கொள்ளுகிற அளவே தோண்டு. மண்ணுக்குள் இருக்கும் வேரை எந்தக் குளிரும் ஒன்றும் செய்யாது. தோண்டி வெளியே எடுத்த வேரை ஓர் இரவு உறைபனி போதும், கண்ணாடியாக்கிக் கொன்றுவிடும்.

ஐம்பத்திரண்டு வயது நேல்த்யாவுக்கு இது தெரியாததல்ல. தெரிந்தேதான் தொண்ணூறு செடிகளையும் ஒரே நாளில் தோண்டினாள். காரணம் பயம். இந்தத் திட்டுக்கு ஜனவரியில் மூன்று நாள் வந்து போக அவளால் முடியாது. ஒரு நாள் வந்து எல்லாவற்றையும் தோண்டிவிட்டால், மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு மூன்று நடை ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு பிப்ரவரிக் காலையில், இதே திட்டில் வேலை செய்துகொண்டிருந்த அப்பாவுக்கு ரொட்டியும் காப்பியும் எடுத்துக்கொண்டு உறைந்த வாய்க்காலின் மேல் நடந்து போனாள். போகும்போது தாங்கிய பனி திரும்பும்போது தாங்கவில்லை. விழுந்தது அவளுக்கு நினைவில்லை. அடியிலிருந்து பார்த்ததுதான் நினைவிருக்கிறது. தலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கூரை. அதன் மேல் யாரோ ஓடும் நிழல். உள்ளங்கையால் தட்டினாள், தட்டிய சத்தம் வரவில்லை. அப்பா கழியால் உடைத்து, முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து இந்த வருஷம் வரை, டிசம்பர் தொடக்கத்தில் வரும் நிக்கோலாஸ் திருநாள் கழிந்தால் மார்ச் வரை அவள் படகில் கால் வைத்ததில்லை. வாய்க்கால் உறையும்போது ஒரு சத்தம் வரும். நீண்ட கம்பியைத் தட்டிவிட்டதுபோல ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் அடுப்படியை விட்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். கல்யாணமான புதிதில் லேண்டர்ட் இதைப் பார்த்துச் சிரித்தான். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டு, தானே போய் ஜன்னலை இறுக மூடப் பழகிக்கொண்டான்.

இந்த லட்சணத்தில் அவள் வளர்த்ததோ குளிர்காலத்துக்கென்றே இருக்கும் செடி. ஊரார் கோர்னூல்யா என்பார்கள். செந்தண்டுச் செடி என்று வைத்துக்கொள்வோம். கோடையில் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இலை உதிர்ந்து குளிர் ஏற ஏறத்தான் தண்டு நிறம் காட்டும். ஒரு ஜாதி மஞ்சள், ஒரு ஜாதி தணல் நிறம், ஒரு ஜாதி ரத்தச் சிவப்பு. அதுவும் அந்த வருஷம் துளிர்த்த தண்டில்தான். பழைய தண்டு சாம்பல் பூத்துப் போகும். அதனால் நன்றாக வேர் பிடித்த செடியை ஒவ்வொரு மார்ச்சிலும் முழங்காலுக்குக் கீழே ஒட்ட வெட்ட வேண்டும். வெட்டும்போது நேல்த்யா ஒவ்வொரு தண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வெயில் படும் பக்கம் மட்டும் சிவந்ததை விறகில் போடுவாள். முதுகுப் பக்கமும் சிவந்ததை எடுத்து வைத்துப் பதியன் போடுவாள். இருபத்திரண்டு வருஷம் இப்படிக் கழித்துக் கழித்து எடுத்ததில், வாய்க்காலுக்கு அப்பால் அவளுடைய பின்திட்டில் இருந்த சிவப்பு ஊரில் வேறு யாரிடமும் இல்லை.

ஆனால் அந்தச் சிவப்பு திட்டைத் தாண்டி வந்ததில்லை. நவம்பரிலேயே, நிறம் வருமுன்பே, செடிகளைத் தோண்டி அனுப்பிவிடுவாள். வாங்குகிறவர்கள் எங்கோ வேலியோரத்தில் மற்றதோடு மற்றதாக நடுவார்கள். "நேல்த்யா விக்கிற சிவப்பு பச்சையாத்தான் இருக்கும்" என்பது ஊரில் பழகிய கேலி.

அந்தக் கேலியோடு போயிருக்கும். போன ஜூலையில் ஃபென்னா வந்தாள். வடக்கே க்ரோனிங்கன் பக்கத்துக்காரி, தோட்டம் அமைப்பவள், நெட்டையான உருவம், வாயில் எப்போதும் பற்றவைக்காத சிகரெட். நடமாட முடியாத முதியவர்களின் இல்லம் ஒன்றுக்குக் குளிர்காலத் தோட்டம் போட வந்திருந்தாள். நேல்த்யா காட்டிய செடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது சிவப்பா?"

"இப்ப பச்சைதான் அம்மணி. குளிர்ல சிவக்கும்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"மார்ச்சுல பாப்பேன். வெட்டும்போது."

"அப்ப வெட்டி எறியிற அன்னிக்கு மட்டும்தான் உங்க கண்ணுல படுது!" ஃபென்னா சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "இங்க பாருங்க. அங்க இருக்கிறவங்க படுக்கையிலேர்ந்து ஜன்னலைப் பாக்கறவங்க. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமில்ல. நான் அங்க ஒரு நெருப்பைப் போடப் போறேன். ஓரத்துல மஞ்சள், உள்ள தணல், நடுவுல சிவப்பு. வாய்வார்த்தையை நம்பி அதைச் செய்ய முடியாது. நிறம் ஏறின பிறகு ஒவ்வொண்ணாப் பாத்து எடுப்பேன். ஜனவரியில தோண்டிக் குடுக்க முடியுமா?"

"முடியும்" என்றாள் நேல்த்யா.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. இருபத்திரண்டு வருஷத்துச் சிவப்பு அவளைக் கேட்காமல் பதில் சொல்லிவிட்டது. ஃபென்னாவின் கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஜனவரி என்றால் படகு என்பது நினைவுக்கு வந்தது.

டிசம்பரில் ஃபென்னா வந்து, பக்கத்துத் தோட்டக்காரர் ஆரியின் படகில் திட்டுக்குப் போய், பிடித்த செடிக்கெல்லாம் கம்பளி நூல் கட்டினாள். நேல்த்யா கரையில் நின்றபடியே கத்திக் கத்தி வழி சொன்னாள். மஞ்சளில் இருபது, தணலில் இருபத்தைந்து, சிவப்பில் நாற்பத்தைந்து. இல்லத்தில் தொண்ணூறு குழி வெட்டி, மண் உறையாமல் இருக்க வைக்கோல் போட்டு மூடியாயிற்று. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு லாரி. அந்த வைக்கோல் ஒரு வாரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. விட்டால் மார்ச்தான், மார்ச்சில் நட்டால் நிறம் முடிந்து இலை வந்துவிடும். அந்த ஜன்னல்களுக்கு இந்தக் குளிர்காலம் இல்லை.

புதன்கிழமை மாலை தொண்ணூறாவது செடியைக் கட்டி முடித்தபோது கை கண்ணுக்குத் தெரியாத இருட்டு. செடிகளை நெருக்கமாக அடுக்கி, மேலே தளர்ந்த மண்ணையும் வைக்கோலையும் போட்டு மூடினாள். இருட்டில் சுமையேற்ற மனம் துணியவில்லை. காலிப் படகைக் கழியால் தள்ளிக்கொண்டு வீடு வந்தாள். கழியை எடுக்கும்போதெல்லாம் அதன் மேல் வழிந்த தண்ணீர் கையிலேயே இறுகியது.

லேண்டர்ட் அடுப்படி ஜன்னலோரம் மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க முக்காலியில் ஏறி விழுந்ததில் வந்த கட்டு அது.

"எத்தனை ஏத்தின?"

"ஒண்ணும் ஏத்தல. எல்லாத்தையும் தோண்டியாச்சு."

அவன் பட்டாணிக் கூழில் வைத்த கரண்டியை எடுக்கவில்லை. "எல்லாத்தையுமா?"

"ஆமா."

அவன் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவனோ ஜன்னலை இறுக மூடிவிட்டு, "காத்து திரும்பினாலும் திரும்பும்" என்று மட்டும் சொன்னான். காற்று திரும்பாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

விடிந்து பார்த்தபோது வாய்க்கால் முழுக்க மூடியிருந்தது. இரண்டு விரல் கனம் இருக்கும். ஆள் நடந்தால் தாங்காது. படகு போனால் விடாது. இந்த ஊர்க்காரர்கள் பயப்படுவது இந்த இரண்டுங்கெட்டான் பனிக்குத்தான். நேல்த்யா கரையில் நின்றாள். இருநூறு அடிக்கு அப்பால் பின்திட்டு. அதன் ஓரத்தில், விற்காமல் நிறுத்திய தாய்ச்செடிகள் வரிசையாகச் சிவந்து நின்றன. அவற்றின் காலடியில் வைக்கோல் குவியல். குவியலின் கிழக்கு மூலையில் வைக்கோல் பறந்து போயிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. அந்த மூலையில் எந்தச் செடிகளை வைத்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். சிவப்பு.

வலப்பக்கம் சடசடவென்று பனி உடையும் சத்தம். ஆரி தன் படகில் வந்துகொண்டிருந்தார். வாய்க்கால் உறைந்தால் காலையிலும் மாலையிலும் அவரவர் எல்லை வரை அவரவர் உடைத்து வழியைத் திறந்து வைப்பது ஊர் வழக்கம். அவர் தன் எல்லையில் நிற்காமல் அவள் கரை வரை வந்துவிட்டார்.

"என்ன பக்கத்து வீட்டம்மா! செடியை அங்க படுக்க வச்சுட்டு இங்க வேடிக்கை பாத்துட்டிருக்க? போர்வை போத்தினியா, பாட்டுப் பாடித் தூங்க வச்சியா?"

"ஆரி, கேலி பண்ணாத."

"கேலி பண்ணலைன்னா அழணும். தொண்ணூறையும் ஒரே நாள்ல தோண்டினியாமே? லேண்டர்ட் ஃபோன் பண்ணினான். நேத்து தோட்டத்துல வேலைக்குச் சேந்தவன்கூட அப்படிச் செய்ய மாட்டான்." அவள் முகத்தைப் பார்த்து அவர் குரல் இறங்கியது. "சரி, ஏறு."

"என் படகை எடுக்கறேன்."

"உன் படகுக்கு மூக்குல தகரம் அடிச்சிருக்கா? இல்லையே. பனி அதை வாள் மாதிரி அறுத்துடும். இதுல ஏறு."

"நான் எதுக்கு? நீயே போய்…"

"ஒரு ஆளால இதை உடைக்க முடியாது. நான் பின்னாலேர்ந்து கழி போட்டுத் தள்ளுவேன். மூக்கு பனி மேல ஏறி நிக்கும். அப்ப நீ நடுவுலேர்ந்து மூக்குக்கு நடந்து வரணும். உன் பாரத்துல பனி உடையும். உடைஞ்சதும் பின்னால வா. திரும்ப நான் தள்ளுவேன். அவ்வளவுதான்."

படகில் ஒரு கயிறும் ஓர் ஏணியும் கிடந்தன. ஏணி எதற்கென்று அவள் கேட்கவில்லை. பனிக்குள் விழுந்தவர்களை எடுக்க அதைத்தான் பனியின் மேல் படுக்கப் போடுவார்கள்.

அடுப்படி ஜன்னல் திறந்தது. "நேலு!" என்று லேண்டர்ட் கத்தினான். "நான் காலை உடைச்சேன், நீ பனியை உடை. குடும்பத்துல ஒரு ஒழுங்கு வேணாமா?" குரல் சிரித்தது. ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்த கை சிரிக்கவில்லை.

அவள் படகில் கால் வைத்தாள்.

முதல் தடவை மூக்கு பனியின் மேல் ஏறியபோது படகு அண்ணாந்தது. "நட!" என்றார் ஆரி. அவளுக்குக் கால் வரவில்லை. "நட நேல்த்யா, வழுக்கிப் பின்னால போகுது!" மூன்று எட்டு வைத்தாள். காலுக்கடியில் ஏதோ முனகியது. பிறகு படீரென்று மூக்கு கீழே விழுந்தது. உடைந்த துண்டு ஒன்று செங்குத்தாக எழுந்து நின்று, கறுப்புத் தண்ணீர் வழிய, மறுபடி படுத்தது. அவள் நடுப்பலகைக்கு ஓடி வந்து அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாருக்கு. இன்னும் ஒரு எழுபது தடவை."

நாற்பத்து மூன்று வருஷமாக எதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாளோ, அதை நோக்கி நடப்பதே இப்போது வேலை. பழகிவிடும் என்று நினைத்தாள். பழகவில்லை. பத்தாவது தடவையும் முதல் தடவை போலத்தான் இருந்தது. முப்பதாவது தடவை அதைவிட மோசம், ஏனென்றால் கரை தூரமாகிவிட்டது. ஒவ்வொரு உடைப்பிலும் அந்தக் கம்பிச் சத்தம் கிளம்பி வாய்க்காலின் நீளத்துக்கும் ஓடியது. பல் கிட்டித்துப்போய் அவளால் ஆரிக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவரோ வாயை மூடவில்லை. தன் மருமகன் வாங்கிய காரைப் பற்றி, போன வருஷம் வாங்கிய கெட்ட கருவாட்டைப் பற்றி, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அந்தப் பேச்சு நின்றால் அவள் உட்கார்ந்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

திட்டில் இறங்கியதும் நேராகக் குவியலின் கிழக்கு மூலைக்கு ஓடினாள். மண்ணின் மேல் ஓடு கட்டியிருந்தது. கையை நுழைத்தாள். வெளிவரிசையில் நான்கு செடிகளின் கோணி பலகைபோல விறைத்திருந்தது. அதற்கு உள்ளே ஈரம். ஈரம் என்றால் இன்னும் உறையவில்லை.

"போச்சா?" என்றார் ஆரி.

"தெரியல. நாலு போச்சுன்னு நினைக்கிறேன். மத்தது… தெரியல. அவுத்துப் பாத்தா காத்து பட்டுடும்."

முப்பது ஏற்றினார்கள். உடைத்த வழியிலேயே திரும்பியதால் முதல் நடை எளிதாயிற்று. இரண்டாவது நடைக்குள் உடைந்த துண்டுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. மூன்றாவது நடையில் படகு சுமையோடு திரும்பும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. காற்று இன்னும் கூர்மையாகியிருந்தது. பாதி வழியில் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அணைபோல அடைத்துக்கொண்டன. ஆரி பலம் கொண்ட மட்டும் கழியை ஊன்றித் தள்ளினார். படகு ஓர் ஆள் நீளம் முன்னே பாய்ந்தது. கழி அடிச்சேற்றிலேயே சிக்கி நின்றுவிட்டது.

கழியை விடாதவன் தண்ணீரில் விழுவான். ஆரி விட்டுவிட்டார். விட்ட வேகத்தில் பின்பலகையில் மல்லாந்து விழுந்தார். படகு ஒரு பக்கம் சாய, விளிம்பைத் தாண்டி ஒரு வீச்சுத் தண்ணீர் உள்ளே வந்தது. அதற்குள் பின்னால் துண்டுகள் நெருங்கி மூடிவிட்டன. கழி அவர்களுக்குப் பின்னால், கைக்கு எட்டாமல், தனியாக நின்றது.

ஆரியின் பேச்சு நின்றுவிட்டது.

அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. "ஆரி?"

"முழங்கை" என்றார் அவர். முகம் வெளுத்திருந்தது. "உடையல. ஆனா தூக்க முடியல. சத்தம் போடலாம். யாராவது வருவாங்க."

"எப்ப?"

உள்ளே வந்த தண்ணீர் அடிப்பலகையில் பரவிச் செடிகளின் கோணியை நனைத்துக்கொண்டிருந்தது. ஈரக் கோணியில் இந்தக் காற்று. அரை மணி நேரம் போதும்.

நேல்த்யா திட்டிலிருந்து எடுத்து வந்திருந்த மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். முழங்காலிட்டே முன்னே போனாள். மூக்கின் மேல் குப்புறப் படுத்து, கையை நீட்டி, மண்வெட்டியின் அலகை முன்னாலிருந்த பனியின் விளிம்பில் கொத்தி மாட்டினாள். தன் பக்கம் இழுத்தாள். பனி வரவில்லை; படகுதான் பனியை நோக்கிப் போனது, ஒரு சாண். மூக்கின் கீழே பனி நொறுங்கியது. மறுபடி கொத்தினாள். முகத்துக்கும் பனிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பனியின் அடியில் காற்றுக் குமிழ்கள் வெள்ளைக் காசுகள்போல நகர்ந்தன. அவற்றுக்கும் கீழே ஒன்றுமே இல்லை, கறுப்பு. கண்ணை மூடினாள். மூடினால் உள்ளே அந்தச் சாம்பல் கூரை தெரிந்தது. திறந்துகொண்டாள். தான் ஏதோ சத்தம் போடுவது அவளுக்கே கேட்டது. அழுகையா, மூச்சா என்று தெரியவில்லை. கொத்தினாள், இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சாண்.

"இடது பக்கம் மெல்லிசா இருக்கு" என்றது பின்னாலிருந்து ஆரியின் குரல். "அப்படித்தான். மாடு மாதிரி இழுக்கற. இன்னும் கொஞ்சம்… என் மருமகன் அந்தக் காரை இப்படித்தான் தினமும் கிளப்பறான்."

பேச்சு வந்துவிட்டது. அவள் இழுத்தாள்.

கரையில் லாரி நின்றிருந்தது. அதன் ஓட்டுநரும் ஃபென்னாவும் கயிறு வீசிப் பிடித்து, கடைசி இருபதடியை இழுத்துப் போட்டார்கள். நேல்த்யா கரையேறியதும் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஃபென்னா அவளைப் பார்த்தாள். பிறகு படகைப் பார்த்தாள். கொட்டகைக் கூரைக்கடியில் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த மஞ்சளும் தணலும் கொஞ்சம் சிவப்பும் ஒரு பக்கம். படகில் நனைந்து கிடந்த மிச்சச் சிவப்பு ஒரு பக்கம். பற்றவைக்காத சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டாள்.

"இதைப் போய் பச்சையாவே வித்துட்டு இருந்தீங்களே" என்றாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டாள். "ஆனா நிறம் இருக்கட்டும், வேர் எப்படி? ராத்திரி உறைஞ்சிருக்கே. நான் ஒண்ணை அவுத்துப் பாக்கணும்."

"பாருங்க."

"எதை அவுக்கட்டும்?"

மேற்குப் பக்கத்தில் இருந்த செடிகள் எவை, நடுவில் இருந்தவை எவை என்று நேல்த்யாவுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். நல்லதாக ஒன்றை நீட்டியிருக்கலாம். அவள் எழுந்து படகுக்குள் குனிந்து, கிழக்கு மூலையில் இருந்து எடுத்த நான்கு செடிகளை ஒதுக்கி வைத்தாள். "இது நாலும் செத்தாச்சு. இதைக் குடுக்கறதா இல்ல." பிறகு அவற்றுக்கு அடுத்த வரிசையில் இருந்ததை எடுத்தாள். "இதைப் பாருங்க. மிச்சத்துல மோசமா இருக்கக்கூடியது இதுதான்."

ஃபென்னா கூரைக்கடியில் காற்றுப் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து கோணியை அவிழ்த்தாள். வேரின் நுனிகள் பழுப்பேறித் துவண்டிருந்தன. ஃபென்னா நுனியைக் கிள்ளி எறிந்தாள். இன்னும் ஒரு விரற்கடை மேலே நகத்தால் கீறினாள். பழுப்பு. இன்னும் ஒரு விரற்கடை. தோல் உரிந்தது. உள்ளே வெள்ளை, உறுதியான, ஈரமான வெள்ளை.

ஃபென்னா அதை ஓட்டுநருக்கும் காட்டினாள், அவனுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும். "உயிரோட இருக்கு."

நேல்த்யா குனிந்து தானும் நகத்தால் கீறிப் பார்த்தாள். பிறகு இன்னொரு வேரில். பிறகு இன்னொன்றில். பிறகுதான் நம்பினாள்.

"நுனியை வெட்டிட்டு நடுங்க" என்றாள். "மார்ச் வந்ததும் எல்லாத்தையும் ஒட்ட வெட்டிடாதீங்க. இது அடிபட்ட வேர். ஒரு வருஷம் விடுங்க. அடுத்த மார்ச்சுல மஞ்சளையும் சிவப்பையும் வெட்டலாம். தணலை மட்டும் மூணு வருஷம் தொடக்கூடாது. அது செல்லம், சீக்கிரம் வெட்டினா மனசு விட்டுடும்."

"சரி. ஆனா எனக்குத் தொண்ணூறு குழி இருக்கு."

"நாலு குழியை வைக்கோல் போட்டு மூடியே வையுங்க. நாளைக்குத் திட்டுலேர்ந்து வேற நாலு தோண்டிக் கொண்டு வர்றேன்."

முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆரி நிமிர்ந்து பார்த்தார். "யாரு போய்?"

"நான்தான்" என்றாள் நேல்த்யா. சொல்லும்போதே முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. "உன் படகைக் குடு. கழி பிடிக்க உன் மருமகனை அனுப்பு."

ஓட்டுநர் லாரியின் பின்கதவைத் திறந்து உள்ளே வைக்கோலைப் பரப்பினான். ஃபென்னா ஏறி நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். நேல்த்யா அவிழ்த்த செடியின் கோணியை மறுபடி இழுத்துச் சுற்றி, முடிச்சைக் கீழே தள்ளிப் போட்டு, காற்று படாதபடி தன் உடம்பால் மறைத்துத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். திரும்பி, அடுத்ததை எடுத்தாள்.